பதினேழாம் பையின் சீல்

ஜூன் 9, திங்கள்

விடிந்ததிலிருந்து கச்சான் காற்று, மேற்கேயிருந்து. லேப் மேசையெல்லாம் மண்ணும் உப்பும். தராசுக்குப் பக்கத்து ஜன்னலில் டேப் ஒட்டச் சொல்லி மூன்று நாள். யாரும் ஒட்டவில்லை. நானே ஒட்டினேன். விரலெல்லாம் பசை.

இன்றைக்கு:
துறைமுகப் பார்ட்டியின் கிரானைட் கட்டை ரிப்போர்ட் – முடிந்தது
அமிலக் கூண்டு ஃபேன் – இன்னும் கத்துகிறது
அத்தானுக்கு பிரஷர் மாத்திரை – மறந்துவிட்டேன்
ஜி-4 பைகள் – வந்துவிட்டன

ஜி-4 என்பது மேற்கே ஒரு மலை. முழு மலையும் ஒரே கிரானைட். ஊர்ப் பெயரை வெளியே சொல்லக் கூடாது என்று சென்னைப் பார்ட்டி சொல்லியிருக்கிறது. இந்த நோட்டிலும் எழுதப் போவதில்லை. யார் கண்டார்கள்.

மீரான் காக்கா ஜீப்பில் கொண்டுவந்தார். நாற்பது பை, நாற்பது துண்டுக்கல். ஒவ்வொரு பையிலும் பிளாஸ்டிக் சீல், சீலில் நம்பர். நான் பதிவேட்டோடு ஒப்பிட்டேன். 17ஆம் பையில் நம்பர் வேறு. வரிசையில் வராத நம்பர்.

"இது என்ன காக்கா?"

"சாக்கு கிழிஞ்சு போச்சும்மா. புதுச் சாக்குல போட்டு வேற சீல் அடிச்சேன்."

"பழைய சீல்?"

"அத எங்க வச்சேனோ. ஜீப்புல கிடக்கும்."

கிடக்கும் என்றார். கொண்டுவரவில்லை. பென்சிலால் 17ஐச் சுற்றி வட்டம் போட்டுவைத்தேன்.

ஒன்பது வருடம் ஒன்றாக வேலை பார்க்கிறோம். காயல்பட்டினத்துக்காரர் (அங்கே அண்ணன் என்றால் காக்கா), வளைகுடாவில் பாதி ஆயுள் கழித்துவிட்டு வந்தவர். மலைக்குப் போவது அவர், லேபில் பரிசோதிப்பது நான். சந்தேகம் அவர் மேல் இல்லை. சீல் மேல்தான்.

ஜூன் 11, புதன்

காற்று அப்படியே. துணி காயப் போட்டால் பக்கத்து வீட்டு மாடியில் போய் எடுக்க வேண்டியிருக்கிறது.

மத்தியானம் சாப்பிடும்போது மீ.கா. மலையைப் பற்றியே பேச்சு. உற்சாகம். மலையின் தலைப்பக்கம் வெள்ளை மைக்கா பாளம் பாளமாக இருக்கிறதாம், லித்தியம் நிச்சயமாம், டாண்டலமும் கொஞ்சம் வரலாமாம். எனக்குத் தெரிந்ததுதான், ஆனாலும் அவர் சொல்வது கேட்க நன்றாக இருக்கும். பாறைக் குழம்பு ஆறி இறுகும்போது முதலில் சாதாரணக் கனிமங்கள் கட்டிவிடும். அவற்றில் இடம் கிடைக்காத உலோகங்கள் மிச்சக் குழம்பில் சேர்ந்துகொண்டே போகும். கடைசி மிச்சம் மலையின் உச்சிக்கும் விரிசலுக்கும் ஏறி உறையும்.

"பனங்கற்கண்டு காய்ச்சுறது மாதிரிதான்மா. கற்கண்டு நூல்ல கட்டிக்கிடும். கட்டாத பாகு அடியில நிக்கும்லா, அந்தப் பாகுலதான் நம்ம சாமான். மலையில மட்டும் அது மேலே ஏறிரும்."

நெத்திலி வறுவல் கொண்டுவந்திருந்தார். பாதி எனக்கு.

சாயங்காலம் ஸ்டோர் அண்ணாச்சி (லேபுக்கு ஆசிட் முதல் துடைப்பம் வரை வாங்கிவைப்பவர், ஊர்க்கதை இலவசம்) மெதுவாக வந்து நின்றார்.

"மேடம், ஒரு விஷயம் கேள்விப்பட்டேன். மீரான் பாய் மச்சான் மேற்க இடம் வாங்கியிருக்காராமே. மலையடியிலயாம்."

"எந்த மலை?"

"அது தெரியாது. நாலு பேரு சொல்லுதாவ."

பதிவேட்டில் அந்த வட்டத்தை இன்னொரு தடவை பார்த்துவிட்டுத்தான் கிளம்பினேன்.

ஜூன் 13, வெள்ளி

அரைவை முடிந்தது. ரோஸ்லின் (அரைவை அறை, தெற்கே ஒரு கடற்கரை ஊரிலிருந்து பஸ்ஸில் வருகிறாள், நன்றாக வேலை செய்வாள், என்னைக் கண்டால் மட்டும் பேச்சு நின்றுவிடும்) நாற்பது கல்லிலும் ஒரு துண்டைப் பொடியாக்கி டப்பாவில் போட்டுக் கொடுத்துவிட்டாள்.

அந்த அறை வாசலில் மீ.கா. நின்று அவளிடம் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். நான் போனதும் இரண்டு பேரும் கப்சிப். என்னவென்று கேட்டேன். "சும்மாதான்மா" என்றார். ரோஸ்லின் மிஷினைத் துடைக்க ஆரம்பித்துவிட்டாள்.

சும்மா பேசுகிறவர்கள் ஏன் நிறுத்த வேண்டும்?

பிரஷர் மாத்திரை வாங்கிவிட்டேன்.

ஜூன் 16, திங்கள்

எக்ஸ்-ரே மிஷினில் எண்கள் வந்தன. ஆசிட் கரைசலில் லித்தியமும் பார்த்தாயிற்று. நாற்காலியில் உட்கார்ந்து இரண்டு தடவை படித்தேன்.

லித்தியம் இருக்கிறது. ருபிடியம், டின் இருக்கிறது. அதெல்லாம் சரி. ஆனால் சிர்க்கோனியம்? சீரியம்? தோரியம்? அள்ளிக் கொட்டியிருக்கிறது. சில பைகளில் தலை சுற்றும் அளவு, சில பைகளில் சுமார். பார்ட்டி பார்த்தால் வெடி போட்டுக் கொண்டாடுவார்கள்.

எனக்குக் கொண்டாட்டம் வரவில்லை. லித்தியம் மைக்கா இருக்கும் கிரானைட் ஒரு குடும்பம். சிர்க்கோனும் (சிர்க்கோனியம் உள்ள மணி) தோரியமும் மண்டிக் கிடக்கும் கிரானைட் வேறு குடும்பம். இரண்டும் ஒரே வீட்டில் குடியிருப்பதை நான் பார்த்ததில்லை.

17ஆம் பை: சுமார்தான். அது கொஞ்சம் ஏமாற்றம். (ஏன் ஏமாற்றம் என்று எழுதினேன்? சரி, இருக்கட்டும். பொய் எழுத இந்த நோட்டு எதற்கு.)

ஜூன் 17, செவ்வாய்

பொடியைச் சல்லடையில் போட்டேன். நழுவாமல் மேலே தங்கிய மிச்சத்தை நுண்ணோக்கியில் பார்த்தேன். ஒரு மணி நேரம். கண் வலி.

மைக்கா, குவார்ட்ஸ், பெல்ட்ஸ்பார் எல்லாம் உடைந்த கண்ணாடி மாதிரிக் கூர் கூராக. இப்போதுதான் உடைபட்ட கல் அப்படித்தான் இருக்கும். அதற்கு நடுவில் இவை: சின்னச் சின்ன மணிகள், நிறமில்லாதவை, தேன் நிறத்தவை, கறுப்பு. எல்லாம் உருண்டை. வழவழ.

கிரானைட்டுக்குள் இருந்து வரும் சிர்க்கோன் இரண்டு பக்கமும் கூர் சீவின பென்சில் மாதிரி இருக்கும். உருண்டை ஆகவேண்டுமென்றால் ஆற்றிலும் கடலிலும் பல காலம் உருள வேண்டும். நான் இந்தக் கரையில் பிறந்தவள். இது எந்த மணல் என்று எனக்கு யாரும் சொல்ல வேண்டாம். நம் கடற்கரையில் அலை போனதும் கறுப்பாக வரி போட்டுக் கிடக்குமே, அது.

மலைக்கும் கடலுக்கும் நடுவில் எவ்வளவு தூரம்! மணல் தானாக நடந்து போகாது.

லேபின் அழுக்கோ என்று அதையும் பார்த்தேன். பத்துப் பைக்கு ஒன்று வெற்று மாதிரி வைப்போம், உள்ளே எதுவுமே இல்லாத சுத்தப் பொடி. அதில் எண் வந்தால் குற்றம் நம்முடையது. நான்கு வெற்று மாதிரியும் சுத்தம். சுத்தமோ சுத்தம்.

அப்படியென்றால் பைக்குள் யாரோ போட்டிருக்கிறார்கள்.

யாரோ என்று எழுதுகிறேன். பைகளைக் கட்டினது ஒரே ஆள்.

ஜூன் 18, புதன்

பட்டியல்:
1. 17ஆம் பை சீல். பழைய சீலை இதுவரை காட்டவில்லை.
2. மச்சான் வாங்கின இடம்.
3. ரோஸ்லினோடு பேச்சு, என்னைக் கண்டதும் நிறுத்தம்.
4. இன்று காலை நடந்தது. அதுதான் பெரிது.

காலையில் எண்களைக் காட்டினேன். மீ.கா. கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டார்.

"இது தப்பும்மா. இந்த மலையில சிர்க்கோன் இவ்வளவு வராது. தோரியம் வரவே வராது. இன்னொரு தடவ ஓட்டிப் பாருங்க."

எண் நன்றாக வந்தால் சந்தோஷப்படுகிறவர்தான் உண்டு. தப்பு என்று தானே சொல்வது யார்? முதலிலேயே சொல்லிவிட்டால் நாளைக்குத் தன் மேல் பழி வராதே. கெட்டிக்காரத்தனம்.

இதை அத்தானிடம் சொன்னேன். அத்தான் கணக்கு வாத்தியார். பரீட்சைத் தாளை மூடி வைத்துவிட்டு என்னையே பார்த்தார்.

"ஏளா, அந்த மனுசன் எத்தன வருசமா பாறை பாக்குதாரு?"

"முப்பது இருக்கும்."

"முப்பது வருசம் பாறை பாத்தவரு, திருட்டுத்தனம் பண்ணணும்னு நெனச்சா தப்பான மணலையா போடுவாரு? பொருத்தமா எதையாவது வாங்கிப் போட மாட்டாரா?"

"அவசரத்துல கையில கெடச்சதப் போட்டிருப்பாரு."

"உனக்குச் சந்தேகம் வராத அன்னைக்கு டாக்டர்ட்ட கூட்டிட்டுப் போகணும்" என்று சொல்லிவிட்டு மறுபடி தாளைத் திறந்துகொண்டார்.

கோபம் வந்தது. போன தீபாவளிக்குப் பால்காரன் தண்ணீர் ஊற்றினதை யார் கண்டுபிடித்தது? நான்தான்.

ஜூன் 19, வியாழன்

எம்.டி.க்கு (மதுரையில் இருக்கிறார், மாதம் ஒரு தடவை வருவார்) மெயில் எழுதினேன். நான்கு தடவை அடித்துத் திருத்தினேன். "மாதிரிகளில் கடல் மணல் கலக்கப்பட்டிருக்கிறது. லேப் வெற்று மாதிரிகள் சுத்தம். கலப்பு லேபுக்கு வரும் முன் நடந்திருக்கவே வாய்ப்பு. 17ஆம் பையின் சீல் மாற்றப்பட்டிருக்கிறது." மீரான் என்ற பெயரை எழுதவில்லை. எழுதத் தேவையும் இல்லை.

இந்தத் தொழிலில் மாதிரியில் கலந்தவன் என்று ஒரு தடவை பெயர் வந்தால் போதும். அப்புறம் அந்த ஆள் கையெழுத்துப் போட்ட எந்த ரிப்போர்ட்டையும் யாரும் தொட மாட்டார்கள். அது தெரியும். தெரிந்துதான் அனுப்பினேன். தோரியம் எண்ணை நம்பி நாளை ஒருவன் அந்த மலையைத் தோண்டினால் என் கையெழுத்தும்தானே அதில்.

அனுப்பினது 11.20. அதற்குப் பிறகு ஒரு வேலையும் ஓடவில்லை.

ஜூன் 20, வெள்ளி

மேகம் மூட்டம். மழை இல்லை, பேருக்கு நாலு துளி.

பத்தரைக்கு எம்.டி. மீ.கா.வுக்கு போன். அவர் வராண்டாவில் நின்று பேசினார். "ஆமா சார்… இல்ல சார்… அது சாக்கு கிழிஞ்சுது சார்." அப்புறம் வெகுநேரம் கேட்டுக்கொண்டு மட்டும் நின்றார்.

உள்ளே வந்து ஜீப் சாவியை என் மேசையில் வைத்தார். சுத்தியலை வைத்தார். அவருடைய சொந்தச் சுத்தியல் அது. திரும்ப எடுத்துக்கொண்டார்.

"விசாரணை முடியுற வரைக்கும் வர வேண்டாம்னுட்டாரு. மண்ணு கலந்தேனாம்."

நான் சாவியை எடுத்து டிராயரில் போட்டேன்.

"யாரோ எழுதிப் போட்டிருக்காங்க. உங்களுக்கு ஏதும் தெரியுமாம்மா?"

"தெரியாது காக்கா."

சொல்லிவிட்டேன். யோசிக்கவே இல்லை. வாய் தானாகச் சொன்னது.

அவர் தலையாட்டினார். ஜும்ஆ தொழுகைக்கு நேரமாகிறது என்று கிளம்பினார்.

மெயில் எழுதினது தப்பில்லை. அது வேலை. இந்த "தெரியாது" எதற்கு? பயமா எனக்கு? நான் பயந்தவள் இல்லையே.

ஜூன் 22, ஞாயிறு

கோவில், காலை ஆராதனை. பிரசங்கம் நீளம். என்னத்தைப் பற்றி என்று கேட்டால் தெரியாது. பக்கத்தில் அத்தான் கிள்ளினார், எல்லாரும் எழுந்து நிற்கிறார்கள், நான் மட்டும் உட்கார்ந்திருக்கிறேன்.

வீட்டில் கோழிக் குழம்பு. உப்பு கூடிப் போச்சு. அத்தான் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதுதான் தாங்க முடியவில்லை, கேலி பண்ணியிருந்தால் தேவலை.

"எழுதுனது நீன்னு அவர்ட்ட சொல்லிட்டியா?"

"கலந்தவரு அவருன்னா நா எதுக்கு சொல்லணும்?"

"அவரு இல்லன்னா?"

எழுந்து கை கழுவப் போய்விட்டேன்.

நாளைக்கு எல்லா ஆதாரத்தையும் ஒழுங்காக அடுக்கப் போகிறேன். யாரும் ஒரு கேள்வி கேட்க முடியாதபடி.

ஜூன் 23, திங்கள்

வரிசையாக எழுதுகிறேன்.

காலை ஒன்பது. எந்தெந்தப் பையில் மணல் கூடுதல் என்று மலையின் வரைபடத்தில் குறித்தேன். கலந்தவன் ஒரு கணக்கோடுதானே கலந்திருப்பான்: உச்சியில் கூட்டி, அடிவாரத்தில் குறைத்து. அப்படி ஒன்றும் இல்லை. உச்சியில் ஒன்று கூடுதல், பக்கத்திலேயே ஒன்று குறைவு. கண்டபடி.

சரி, பை கட்டின தேதிப்படி அடுக்கினேன். கண்டபடி.

அப்புறம்தான் அரைவை அறைப் பதிவேட்டை எடுத்தேன். யார் யார் பொடியைத் தொட்டார்கள் என்று பார்க்கத்தான். சந்தேகத்தில்தான் எடுத்தேன், வேறு நல்ல எண்ணத்தில் இல்லை. ரோஸ்லின் பைகளை நம்பர் வரிசையில் அரைக்கவில்லை. முதலில் காய்ந்ததை முதலில். அந்த வரிசையில் சிர்க்கோனியம் எண்களை எழுதினேன்.

பெரிது, நடு, சின்னது.
பெரிது, நடு, சின்னது.
பெரிது, நடு, சின்னது.

கடைசிப் பை வரைக்கும். மரம் அறுக்கும் வாள் பல் மாதிரி.

மலையில் எந்த இடத்துக் கல்லானாலும் சரி, மூன்றுக்கு ஒரு தடவை ஏறுகிறது, இறங்குகிறது. மலைக்கு அது தெரியாது. மீரான் காக்காவுக்கும் தெரியாது. மூன்றுக்கு ஒரு தடவை நடப்பது அரைவை அறையில்.

போனேன். ரோஸ்லின் எழுந்து நின்றாள்.

"மிஷின எத்தன பைக்கு ஒரு தடவ சுத்தம் பண்ணுத?"

"மூணுக்கு ஒருவாட்டி மேடம்."

"ஒவ்வொரு பைக்கும் பண்ணணும்னு எழுதி ஒட்டியிருக்குல்லா?"

"மணல் பத்தல மேடம்."

மிஷினைச் சுத்தம் செய்வது இப்படி: வெறும் குவார்ட்ஸ் மணலை உள்ளே போட்டு ஓட்டினால் முந்தின கல்லின் பொடியை அது உரசி எடுத்துவிடும். அதற்கென்றே சுத்தமான குவார்ட்ஸ் மூட்டை வாங்குகிறோம்.

"குவார்ட்ஸ் மூட்டைய காட்டு."

காட்டினாள். மூலையில் ஒரு அரிசிச் சாக்கு. கையை விட்டு அள்ளினேன். ஜன்னல் வெளிச்சத்தில் பார்த்தேன். லென்ஸ் தேவைப்படவில்லை. கறுப்பு, தேன் நிறம், பளபள.

"இது எங்கேருந்து?"

"எங்க ஊரு கடக்கரையிலேருந்து கொண்டாந்தேன் மேடம்."

"ஏன்?"

தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"சித்திரையிலேருந்து குவார்ட்ஸ் வரல. அண்ணாச்சி வாங்கணும்னு இண்டென்ட் எழுதி வச்சதுக்கு நீங்க கையெழுத்து போடலியாம். இம்புட்டு மணலு எங்க போகுது, யாரு வீடு கட்டுதான்னு கேட்டியளாம். நிறுத்தி நிறுத்தி பொழங்குங்கன்னாரு. இருந்ததும் தீந்து போச்சு."

கேட்டேன். அப்படியே, அதே வார்த்தையில் கேட்டேன். ஸ்டோர் அண்ணாச்சி புதுவீடு கட்டுகிறார் என்று யாரோ சொன்னார்கள், அந்த இண்டென்டைக் கிடப்பில் போட்டேன்.

"என்னட்ட வந்து சொல்லியிருக்கலாம்லா?"

"சொன்னா நான்தான் தூக்கிட்டுப் போனேன்னு நெனப்பிய."

நான் மறுபடி சாக்கில் கை விடுவதைப் பார்த்து அவசரமாகச் சொன்னாள்: "அழுக்கு ஒண்ணும் இல்ல மேடம். பேசின்ல போட்டு நல்ல தண்ணியில பத்துவாட்டி அலசுனேன். உப்பு இருக்கக் கூடாதுல்லா."

பத்து தடவை. பேசினில் அலசி அலசி மேலே மிதக்கும் லேசான மணலை ஊற்றிவிட்டிருக்கிறாள். அடியில் தங்கினது கனமானது மட்டும்: சிர்க்கோன், தோரியம் உள்ள தேன் நிற மணி, கறுப்பு. கனிமம் தேடுகிறவர்கள் மண்ணைக் கழுவுவதும் இப்படித்தான். அதைப் போட்டு மிஷினைச் சுத்தம் பண்ணினதும் ஒட்டி நின்ற மணல் அடுத்த கல்லில் அதிகம் கலக்கும், அதற்கடுத்ததில் குறையும், மூன்றாவதில் இன்னும் குறையும். சிரத்தையாகச் செய்திருக்கிறாள், பாவம்.

வெற்று மாதிரி ஏன் காட்டிக்கொடுக்கவில்லை? அது பாக்கெட்டில் பொடியாகவே வருகிறது. அரைவை மிஷினுக்குள் போவதே இல்லை. மிஷினைச் சோதிக்க நான் எதுவும் வைக்கவில்லை. எல்லா மனுஷரையும் சோதித்தேன்.

"அன்னைக்கு வாசல்ல நின்னு காக்காட்ட என்ன பேசிட்டிருந்த?"

"எங்க வீட்டுக்காரருக்கு வளைகுடாவுல வேலைக்கு விசா கெடைக்குமான்னு கேட்டேன் மேடம். ஆபீஸ்ல சொந்த விஷயம் பேசுனா நீங்க ஏசுவியல்லா, அதான்…"

ஜூன் 24, செவ்வாய்

தூக்கம் சரியில்லை. தலைவலித் தைலம்.

இரண்டு வழி. ஒன்று: பேசாமல் புதுக் குவார்ட்ஸ் வரவழைத்து, மீதிக் கல்லை மறுபடி அரைத்து, "மறு பரிசோதனையில் எண்கள் மாறின, காரணம் தெளிவில்லை" என்று இரண்டு வரி. யாருக்கும் தெரியாது. ரோஸ்லின் சொல்ல மாட்டாள். மீ.கா. திரும்ப வருவார், "தெளிவில்லை" என்ற சொல் மட்டும் ஆயுசு பூராவும் அவர் பின்னால் வரும்.

இரண்டு: உள்ளதைச் சொல்வது.

முதல் வழியை இரண்டு மணி நேரம் யோசித்தேன் என்பதை இங்கே எழுதிவைக்கிறேன். வெட்கமாக இருக்கிறது. நான் இவ்வளவு கேவலமானவள் என்று எனக்கே தெரியாது.

பக்கத்து லேபில் ஒரு மூட்டை குவார்ட்ஸ் கைமாற்று வாங்கினேன். ரோஸ்லினை உட்காரச் சொல்லிவிட்டு நானே மிஷினைக் கழற்றி பிரஷ் போட்டேன். தட்டின் பள்ளத்தில், ரப்பர் வளையத்துக்கு அடியில், எல்லா இடத்திலும் அந்த மணி. அவள் உட்காரவில்லை. எதிரே குந்தி ஸ்பேனர் எடுத்துக் கொடுத்தாள்.

"மேடம், வேல போயிருமா எனக்கு?"

"போகாது."

"சத்தியமாவா?"

"போனா எனக்குத்தான் போகும். அந்த பத்தாம் நம்பர எடு."

ஜூன் 26, வியாழன்

நாற்பதும் மறுபடி ஓடின. வெறும் குவார்ட்ஸ் துண்டும் நடுநடுவே மிஷினில் அரைபட்டுப் போனது, இந்தத் தடவை.

சிர்க்கோனியம் விழுந்தது. சீரியம் விழுந்தது. தோரியம் இருந்த இடம் தெரியவில்லை. லித்தியம், ருபிடியம், டின் அசையவில்லை. உச்சிப் பைகளில் டாண்டலம் கொஞ்சம், அவர் சொன்ன அளவுக்கு, அவர் சொன்ன இடத்தில். மலை பிரமாதமில்லை. ஆனால் அவர் சொன்ன மலைதான்.

எம்.டி.க்கு மெயில். ஒரே தடவையில் அடித்தேன். "கலப்பு லேபில் நடந்தது. இண்டென்டை நிறுத்தியது நான். வெற்று மாதிரி முறையை வகுத்தது நான். திரு. மீரான் முதல் நாளே எண்கள் தவறு என்று சொன்னார், நான் கேட்கவில்லை."

அரை மணியில் போன். கத்தினார். சித்திரையிலிருந்து போன அத்தனை ரிப்போர்ட்டையும் திரும்ப வாங்கச் சொன்னார். ஒவ்வொரு பார்ட்டிக்கும் நானே போன் போட்டுச் சொல்ல வேண்டும். இனிமேல் மதுரையிலிருந்து ஒருத்தர் வந்து என் கையெழுத்துக்குப் பக்கத்தில் கையெழுத்துப் போடுவாராம்.

"சரி சார்" என்றேன். வேறு என்ன சொல்ல.

மீ.கா.வை வரச் சொல்லி அவரே பேசுகிறேன் என்றார். இரண்டு நாள் பொறுங்கள் சார், முதலில் நான் போய்ச் சொல்கிறேன் என்றேன்.

ஜூன் 28, சனி

காயல்பட்டினம். அத்தானும் வருகிறேன் என்றார், வேண்டாம் என்றேன். பஸ்ஸில் ஜன்னல் சீட். எப்படி ஆரம்பிப்பது என்று ஏழெட்டு விதமாக மனசுக்குள் சொல்லிப் பார்த்தேன். ஒன்றும் உருப்படவில்லை.

அவர் மனைவி வாசலுக்கே வந்து கூட்டிப்போனார். ரவையில் செய்த தம்மடை, டீ. அவருக்கு ஒன்றும் தெரியாது போல. தெரிந்தால் தம்மடை கிடைத்திருக்காது.

மீ.கா. எதிரே உட்கார்ந்தார். வெள்ளைக் கைலி, தொப்பி. நான் முழுவதையும் சொன்னேன். மணல், இண்டென்ட், வாள் பல், எல்லாம். குறுக்கே பேசவில்லை. கடைசியில்:

"எம்.டி.க்கு எழுதுனது நான்தான் காக்கா."

"தெரியும்மா."

"தெரியுமா?"

"பதினேழாம் பை சீலப் பத்தி போன்ல கேட்டாரு. அந்தப் பதிவேட்டப் பாக்குறது நீங்களும் நானும்தான்."

"அப்ப அன்னைக்கு என்னட்ட ஏன் கேட்டிய?"

டீயை ஆற்றினார்.

"எழுதுனதுல எனக்கு வருத்தமில்ல. மண்ணு இருந்துச்சு, எழுதுனீங்க. நானா இருந்தாலும் எழுதியிருப்பேன், நேருல கேட்டுட்டு எழுதியிருப்பேன். நாந்தான் எழுதுனேன்னு சொல்லுவீங்கன்னு நெனச்சுத்தான் கேட்டேன்."

அழுதுவிட்டேன். நாற்பத்தேழு வயதில், இன்னொருத்தர் வீட்டுக் கூடத்தில், கையில் தம்மடையோடு. அவர் மனைவி பதறிப்போய் உள்ளேயிருந்து ஓடி வந்தார். "ஒண்ணுமில்ல, ஆபீஸ் விஷயம்" என்றார் இவர்.

கிளம்பும்போது மச்சான் வாங்கின இடத்தையும் கேட்டேன். இனி எதையும் மனசில் வைத்திருக்கக் கூடாது என்று. சாத்தான்குளம் பக்கமாம். முருங்கைத் தோட்டம். அங்கே மலையும் இல்லை, ஒரு குன்றும் இல்லை.

"வேலைக்கு வருவீங்களா காக்கா?"

"வருவேன். மலை பாதியில நிக்கிதுல்லா."

ஜூலை 7, திங்கள்

காற்று குறைந்திருக்கிறது. ஃபேன் ரிப்பேர் ஆனது. குவார்ட்ஸ் நான்கு மூட்டை வந்து இறங்கியது. இண்டென்டில் கையெழுத்துப் போட்டுவிட்டேன், எதற்கு என்று கேட்கவில்லை.

பத்து மணிக்கு மீரான் காக்கா ஜீப். மலையிலிருந்து இருபது புதுப் பைகள். சீல் வரிசை சுத்தமாக இருந்தது. ரோஸ்லின் ஓடிவந்து சலாம் சொன்னாள். அவர் அவளிடம் விசா விஷயம் விசாரித்தார், என் முன்னாலேயே, சத்தமாக.

பிறகு பையிலிருந்து ஒரு புது நோட்டை எடுத்து என் மேசையில் வைத்தார். ஒவ்வொரு கல்லையும் மலையிலேயே இரண்டாக உடைத்திருக்கிறார். பாதி எனக்கு. பாதி, சீல் வைத்து, ஊர்க்காரர் இரண்டு பேர் சாட்சிக் கையெழுத்தோடு அவர் வீட்டில் பத்திரமாக இருக்கிறதாம். நோட்டில் இருபது வரி. ஒவ்வொரு வரிக்கும் எதிரே நான் பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்துப் போட வேண்டும்.

"இது எதுக்கு காக்கா, நமக்குள்ள?"

"இருக்கட்டும்மா. நல்லதுதானே."

சிரித்த முகம்தான். கோபம் கொஞ்சமும் இல்லை. பேனாவின் மூடியைக் கழற்றி என் கையில் கொடுத்தார்.

இருபது கையெழுத்து. கடைசி வரிக்கு வந்தபோது நேரமும் போடச் சொன்னார்.

10.40 என்று போட்டேன். அவர் தன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.